பெரிய வெள்ளியன்று அரித்தது

ஞானதாஸ் படித்த நாவல்களில் கதாநாயகனுக்கு நோய் வந்தால் அது காசநோயாகத்தான் இருக்கும். வெள்ளைக் கைக்குட்டையை வாயில் வைத்து இருமுவான். கைக்குட்டையில் ஒரு துளி சிவப்பு தெரியும். ஜன்னலுக்கு வெளியே பனி பெய்யும். ஒரு சீமாட்டி குதிரை வண்டியைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓடி வருவாள். மூளைக் காய்ச்சல் கண்டவர்கள் உண்டு. காதலுக்காகக் குண்டடி பட்டுப் படுத்தவர்கள் உண்டு. சேலம் வாசகசாலையில் அவன் எடுத்துப் படித்த இருபத்தோரு மொழிபெயர்ப்பு நாவல்களில் எவனுக்காவது படர்தாமரை வந்ததாக ஒரு வரி கூட இல்லை.

அவனுக்கு வந்திருந்தது. இடது மார்புக்குக் கீழே, விலா எலும்பின் மேல், வெள்ளி ரூபாய் அகலத்துக்கு வட்டமாக, கரை மட்டும் தடித்துச் சிவந்து, நடுவில் வெளுத்து. இதற்குத் தாமரை என்று பெயர் வைத்தவனுக்கு ஒரு நாளும் அரித்திருக்காது.

காரணம் தெரியாத நோயும் அல்ல. சேலத்தில் குகை என்கிற பகுதியில் ஒரு சாயப்பட்டறையில் அவனுக்கு வேலை. சாயத் தொட்டியிலிருந்து எடுத்த ஈர நூல் சிட்டங்களைத் தோளிலும் நெஞ்சிலும் சாய்த்துத் தூக்கிக்கொண்டு போய்க் கொடியில் காயப் போட வேண்டும். காலையில் நனைந்த உடம்பு சாயந்திரம்தான் காயும். பட்டறையில் பாதிப் பேருக்குப் படை இருந்தது. அவர்கள் வேலை செய்துகொண்டே சொறிந்தார்கள், சொறிந்துகொண்டே சினிமா பேசினார்கள், யாருக்கும் அதனால் ஒரு குறையும் இல்லை.

ஞானதாசுக்கு மட்டும் குறை வந்ததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, அவன் ஜெபமலரைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டான். இரண்டு, அந்த ஐம்பத்து நாலாம் வருஷப் பாஸ்காவில் அவன்தான் ஆண்டவர்.

ஜெபமலர், தாரமங்கலம் போகிற வழியில் ஒரு கிராமத்துக் கோயில் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளுடைய அப்பா யாகப்பன் அதே கோயிலில் வேதபாடம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார். தை மாதத் திருவிழாவில் ஞானதாஸ் அவளை முதல்முறை பார்த்தான். அவள் கையில் வாசகசாலைப் புத்தகம் இருந்தது. அவன் போன மாதம் திருப்பிக் கொடுத்த புத்தகம். அவன் அந்தப் புத்தகத்தையே பார்த்தபடி, பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் மூன்று விதமாக எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளே கேட்டாள்:

"இதுல பதிமூணாம் அத்தியாயத்துல ரெண்டு பக்கத்தக் காணோம். உங்க கைவரிசைங்களா?"

அவ்வளவுதான். அவன் அன்றைக்கே விழுந்துவிட்டான். அம்மா தெரசம்மாளை நச்சரித்துப் பெண் கேட்க ஆள் அனுப்பினான். உபதேசியாரும் தவக்காலம் முடிந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று நல்லபடியாகவே பதில் சொல்லியிருந்தார்.

பாஸ்கா அம்மாவின் நேர்த்திக்கடன். ஏசுநாதர் பாடுபட்டு மரித்த கதையை நாடகமாகப் போடுவதைத்தான் பாஸ்கா என்பார்கள். ஞானதாஸ் பன்னிரண்டு வயதில் டைபாய்டில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் அவனைச் சிலுவையில் ஏற்றுகிறேன் என்று தெரசம்மாள் வேண்டிக்கொண்டாள். பிழைக்க வைத்துவிட்டுச் சிலுவையில் ஏற்றுவது என்ன கணக்கு என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. அவனும் ஆள் வளர்த்தி, ஒட்டிய கன்னம், சோற்றை மறந்து புத்தகம் படித்துக் குழிவிழுந்த கண்கள். கோயில் குருவான பங்குச்சாமி பார்த்ததும் சரி என்றுவிட்டார்.

அந்தப் பங்கில் ஒரு கட்டுத்திட்டம் இருந்தது. ஆண்டவராக நிற்பவன் சாம்பல் புதனில் தொடங்கி நாற்பது நாளும் கவிச்சி தொடக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, சவரம் கூடாது, தலையிலும் உடம்பிலும் ஒரு பொட்டு எண்ணெய் படக் கூடாது. பல வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆண்டவர் விரதத்தின் நடுவில் திருட்டுத்தனமாக எண்ணெய் தேய்த்துக் குளித்தாராம். சிலுவையில் ஏறும்போது ஏணிப்படி முறிந்து விழுந்து கால் ஒடிந்ததாம். அவர் இன்னமும் குகைத் தெருவில் நொண்டிக்கொண்டு திரிகிறார் என்பதால் இதை யாரும் சந்தேகப்படவில்லை.

தவக்காலத்தின் மூன்றாம் வாரம் கிறிஸ்துராஜ் சேதியோடு வந்தான். கிறிஸ்துராஜ் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டர், ஞானதாசின் ஒரே சிநேகிதன், பாஸ்காவில் மரியன்னை. அந்தக் காலத்தில் பெண் வேஷத்துக்கும் ஆண்கள்தான். அதற்காக மீசையை எடுத்ததிலிருந்து அவனுக்கு எல்லார் மேலும் கோபம்.

"ஒபதேசியார் காதுல எவனோ ஊதிட்டாண்டா. பட்டறையில நீ சட்டையில்லாம நிக்கறதப் பாத்தானாம். உனக்குக் குஷ்டமுன்னு சொல்லிப் போட்டான்."

"குஷ்டமா!"

"கத்தாத. உங்கம்மாவுக்குக் கேட்டா இப்பவே வெளக்குமாத்தத் தூக்கிட்டுப் பஸ் ஏறிருவா."

"அவரு என்ன சொன்னாராம்?"

"ஒண்ணுஞ் சொல்லல. அதுதான் வம்பே. பெரிய வெள்ளிக்குக் குடும்பத்தோட பாஸ்கா பாக்க வாராராம். முன்வரிசையில பெஞ்சு போட்டு வெக்கச் சொல்லி உட்டிருக்காரு."

ஞானதாசுக்கு விளங்கியது. பெண்ணைக் கேட்டு வந்தவனைப் பார்த்து 'சட்டையைக் கழற்று' என்று சொல்வது உபதேசியாருக்கு மரியாதை இல்லை. பெரிய வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குள் யாரும் சொல்லாமலே கழற்றுவான். அதுவும் நல்ல வெயிலில், உயரத்தில், இரண்டு கையையும் விரித்துக் கட்டி. இதைவிடத் தோதாக மாப்பிள்ளை பார்க்க வேறு எந்த மதத்திலும் வழி கிடையாது.

"சிவப்புச் சாயத்தப் பூசிக் காயமுன்னு சொல்லிரலாமா?"

"பங்குச்சாமி உடமாட்டாரு. சவுக்கடி முதுகுல, நெஞ்சுல ஈட்டிக் காயம் ஒண்ணுதான், அதுவும் வலது பக்கமுன்னு நோட்டுல எழுதி வெச்சிருக்காரு. ஆண்டவருக்கு இல்லாத காயம் உனக்கு எதுக்கும்பாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஞானதாஸ் ஏற்காட்டுக்குப் பஸ் ஏறினான். அங்கே மடத்து மருந்தகத்தில் வயதான பிரெஞ்சுக் கன்னியாஸ்திரி ஒருவர் தோல் வியாதிக்கு மருந்து கொடுத்தார். விரதத்துக்காக வெறுங்காலோடு மலையில் நடந்து, கால் கட்டைவிரலில் ரத்தத்தோடு போய் நின்றாலும், அவன் மனசுக்குள் ஒரு குறுகுறுப்பு. நாவல்கள் நடக்கிற தேசத்திலிருந்து வந்த ஒரு மனுஷியை அவன் முதல்முதலாகப் பார்க்கப் போகிறான்.

"சட்டையக் கழட்டு," என்றார் அவர். முப்பது வருஷமாகச் சேலத்தில் இருந்து பழகிய தமிழ். "சொறிஞ்சியா?"

"இல்லீங்க மதர்."

"பொய். நகத்தக் காட்டு."

காட்டினான். புறங்கையில் ஒரு தட்டுத் தட்டினார். "படை. குளிச்சா ஈரத்தத் தொட. சட்டையத் தினமும் கொதிக்க வெச்சுத் தொவை. களிம்பு தீந்துபோச்சு, மெட்ராசுல இருந்து வர ஒரு மாசம் ஆகும்."

"மதர், உங்க ஊர்ல பனி பெய்யுமுங்களா?"

"பெய்யும்."

"ஜன்னல்ல நின்னு பாத்தா எப்படி இருக்குமுங்க?"

"மூக்கு ஒழுகும்," என்று சொல்லிவிட்டு அவர் அலமாரியைத் திறந்து மூன்று குட்டிச் சீசாக்களை எடுத்து வைத்தார். யூகலிப்டஸ் தைலம், எலுமிச்சைப்புல் தைலம், கிராம்புத் தைலம். "ஒரு சொட்டுத் தைலத்துக்கு இருபது சொட்டு தேங்காயெண்ணெய். நல்லாக் கலந்து, ரெண்டு வேளை, படை மேல மட்டும். மூணு வாரத்துல ஆறும். வெறுந் தைலத்தத் தோல்ல வெக்காத. வெச்சா எங்கிட்ட வராத."

'இது குஷ்டமில்லை' என்று ஒரு சீட்டு எழுதித் தரச் சொல்லலாமா என்று அவனுக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் குஷ்டமில்லை என்று சீட்டு வைத்துக்கொண்டு அலைகிறவனை எவன் நம்புவான்? அதை எந்த நேரத்தில், எந்த முகத்தோடு ஒரு மாமனாரிடம் நீட்டுவது? கேட்காமலே மலையிறங்கினான்.

வீட்டில் தெரசம்மாள் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். கோயில் துணிகளை வெளுத்துக் கஞ்சி போட்டுக் கொடுப்பவள்; பிடி இரும்புப் பிடி.

"நாப்பது நாள் முடியாம எண்ணெய் தொடுவியா? ஏணி முறியட்டுமா?"

"மருந்தும்மா. மதர் குடுத்தது."

"மதருக்கென்ன, அவங்களா சிலுவையில ஏறப் போறாங்க? இதென்ன சீசாவுல? இதுவும் எண்ணெய்தானே?"

பங்குச்சாமியிடம் கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் தீர்ந்திருக்கும். மருந்துக்கு எந்த விரதத்திலும் விலக்கு உண்டு. ஆனால் கேட்டால் எங்கே காட்டு என்பார். காட்டினால் வேஷம் வேறொருவனுக்குப் போகும். போனால் வியாதிக்காரன் என்று ஊரே முடிவு கட்டிவிடும். அதனால் தீர்ப்புச் சொல்கிற பொறுப்பைக் கிறிஸ்துராஜ் எடுத்துக்கொண்டான். அவன் அச்சகத்திலிருந்து ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து வாசற்படியில் விரித்தான். ஒரு பக்கம் தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு. மறு பக்கம் யூகலிப்டஸ் தைலம் ஒரு சொட்டு. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தைலம் இருந்த இடம் தெரியாமல் காய்ந்து போயிற்று. தேங்காயெண்ணெய்க் கறை கண்ணாடி போல் அப்படியே நின்றது.

"பாத்தீங்களா அத்தை? எண்ணெயின்னா கறை நிக்கும். இது நிக்கல. அதனால இது எண்ணெயில்ல. தண்ணியாட்டம் ஒரு வஸ்து."

தெரசம்மாள் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், சிலுவை போட்டுக்கொண்டாள். "சரி. தைலம் போட்டுக்க. தேங்காயெண்ணெய் போட்ட, கையை ஒடிச்சுப் போடுவேன்."

"அப்ப எதுலம்மா கலக்கறது?"

தண்ணீரில் கலந்து பார்த்தார்கள். தைலம் மேலே மிதந்துகொண்டு இவர்களைப் பார்த்துச் சிரித்தது. நெய் எண்ணெயா இல்லையா என்று கொஞ்சம் விவாதம் நடந்தது. தாளில் கறை நின்றதால் அதுவும் தோற்றது. கடைசியில் கிறிஸ்துராஜ் கணக்குப் போட்டான்.

"இருபதுக்கு ஒண்ணு போட்டா மூணு வாரத்துல ஆறுமுன்னா, வெறுசா அதயே போட்டா எத்தனை நாள்ல ஆறணும்? இருபது மடங்கு சீக்கிரம். நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள படை போயிருக்கணும்."

மறுநாள் சாயந்திரம் படை போகவில்லை. ஞானதாசுக்குத்தான் உயிர் போய் வந்தது. முதலில் பச்சைத் தண்ணீர் பட்டது போல் சில்லென்று குளிர்ந்தது. அரிப்பு அடங்கிப் போயிற்று. கால் மணி நேரம் அவன் கண்ணை மூடிப் பனிப் பிரதேசத்தில் இருந்தான். பிறகு யாரோ அங்கே தோசைக்கல்லைச் சுட வைத்தார்கள்.

"எரிஞ்சாத்தான் மருந்து வேலை செய்யுது," என்றாள் தெரசம்மாள்.

"புழு சாகற எரிச்சல்டா," என்றான் கிறிஸ்துராஜ்.

எரியாத இரண்டு பேரும் அடித்துச் சொன்னதால் அவன் நம்பினான். தினமும் இரண்டு வேளை. திங்கள் யூகலிப்டஸ், செவ்வாய் எலுமிச்சைப்புல், புதன் கிராம்பு, பிறகு மறுபடி முதலிலிருந்து. பட்டறையில் அவன் நடந்தால் தொட்டிப் புகையையும் மீறி வாசம் அடித்தது. தலைமைச் சாயக்காரர் செங்கோடன் நூலைத் துழாவுகிற கோலை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"ஏப்பா ஞானம், ஒரு நாளைக்குச் சளி புடிச்சவனாட்ட வாசம் வருது, ஒரு நாளைக்குப் பல்லு வலிக்காரனாட்ட வருது. ஒடம்புல என்னதான் ஆவுது உனக்கு?"

செங்கோடன் நெசவாளர் குடும்பம்; திருச்செங்கோட்டு மலைக்கு வருஷம் தவறாமல் நடந்து போகிறவர். ஆனால் அந்த ஆறடி உடம்பும் பெரிய மீசையும் பங்கில் எந்தக் கிறிஸ்தவனுக்கும் வாய்க்காததால் பதினைந்து வருஷமாக ரோமாபுரிச் சிப்பாய் அவர்தான். ஈட்டியைப் பட்டறையில் தானே அடித்து வைத்திருந்தார்.

இரண்டு வாரத்தில் வட்டம் மறைந்தது. தெரசம்மாள் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். உண்மையில் படை போயிருந்ததா, படை இருந்த தோல் போயிருந்ததா என்பது சொல்ல முடியாதபடி இருந்தது. ரூபாய் அகலம் இருந்த இடத்தில் இப்போது சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரே சிவப்பு. ஓரத்தில் சுண்ணாம்புச் சுவர் போல் உரிந்தது. அரிப்பு பழையபடி அல்ல, வட்டியும் முதலுமாக.

"இது நல்லதுக்குத்தாண்டா. குஷ்டமுன்னா வெளுத்தில்ல இருக்கும்? உன்னுது செவந்திருக்குது," என்றான் கிறிஸ்துராஜ்.

"ஜெபமலர் பாத்தா என்ன நெனைப்பா?"

"வெயில்ல காஞ்ச ஆண்டவருன்னு நெனைப்பா."

பெரிய வெள்ளியன்று காலைச் சடங்குகள் முடிந்தபின் கோயில் மைதானத்தில் சனம் கூட ஆரம்பித்தது. ஆண்டவர் உயிர் விட்ட நேரம் பிற்பகல் மூன்று மணி என்பதால் பாஸ்காவும் அந்த நேரத்துக்கே முடிய வேண்டும் என்பது பங்குச்சாமியின் கண்டிப்பு. சித்திரை வெயில். மண்டையோட்டு மலை என்று கட்டியிருந்த மண்மேடு அடுப்புக் கட்டியாகக் காய்ந்தது. முன்வரிசைப் பெஞ்சில் யாகப்பன் வெள்ளை ஜிப்பாவும் மூக்குக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஜெபமலர், நீலச் சேலை, மடியில் மடக்கிய குடை.

ஞானதாஸ் திரைக்குப் பின்னாலிருந்து அவளைப் பார்த்தான். நெஞ்சு அரித்தது. ஏறுவதற்கு ஐந்து நிமிஷம் இருந்தது. கால் மணி நேரமாவது குளிரும் என்ற நினைப்பில் மூன்று சீசாக்களிலும் மிச்சமிருந்த எல்லாவற்றையும் உள்ளங்கையில் கவிழ்த்து நெஞ்சில் அப்பிக்கொண்டான்.

கட்டித் தூக்கினார்கள். ஏணி முறியவில்லை. சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளில் முதல் வார்த்தை அருமையாக வந்தது. கூட்டத்தில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். இரண்டாம் வார்த்தையின்போது தைலத்தின் வாசம் மேட்டிலிருந்து இறங்கி முன்வரிசைக்குப் போனது. யாகப்பன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரோ ஒரு கிழவி, "கோயில்ல எந்தப் புண்ணியவான் சளிக்குத் தைலந் தேச்சுட்டு வந்திருக்கான்?" என்றாள். மூன்றாம் வார்த்தையில் தோசைக்கல் வந்துவிட்டது.

இரண்டு கையும் கட்டியிருக்கிறது. கால் ஒரு முளைக்கட்டை மேல். அரிக்கிற இடம் இடது நெஞ்சு. மனுஷன் செய்யக் கூடியதெல்லாம் நெளிவதுதான். ஞானதாஸ் வலது பக்கம் நெளிந்தான், இடது பக்கம் நெளிந்தான், வயிற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளினான். நான்காம் வார்த்தை, ஆண்டவர் வானத்தைப் பார்த்து ஏன் என்று கேட்கிற இடம். அந்தப் பங்கின் சரித்திரத்திலேயே யாரும் அதை அப்படிக் கேட்டதில்லை. மைதானம் முழுக்க விம்மியது. பங்குச்சாமி கையிலிருந்த நோட்டை மூடிவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

சிலுவையடியில் முக்காடு போட்டு அழுதுகொண்டிருந்த மரியன்னை தலை நிமிராமல் முணுமுணுத்தாள்: "டேய், போதுண்டா நெளிஞ்சது. ஒபதேசியார் கண்ணாடியத் தொடச்சுப் போட்டுட்டுப் பாக்கறாரு."

"முடியலடா கிறிஸ்து."

"பல்லக் கடிச்சுக்க. இன்னும் மூணு வார்த்தைதான்."

ஐந்தாம் வார்த்தை தாகம். செங்கோடன் ஈட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோல் நுனியில் கடற்பஞ்சை நீட்டினார். வேதத்தில் காடி என்று இருப்பதால் நல்ல புளித்த காடியாகவே நனைத்திருந்தார்கள். அது தாடியில் இறங்கி, கழுத்தில் இறங்கி, நெஞ்சில் உரிந்த இடத்துக்கு நேராகப் போய்ச் சேர்ந்தது.

ஞானதாஸ் அப்போது எந்த வார்த்தையும் சொல்லவில்லை. ஒரு சத்தம் போட்டான். பிறகு குனிந்து, "செங்கோடண்ணே," என்றான்.

"என்ன சாமி?"

"அந்த ஈட்டியில சித்த சொறிஞ்சு உடுங்கண்ணே. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

செங்கோடன் மேலே பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "அய்யய்யோ. உசுரோட இருக்கறப்பக் குத்தற பாவத்த எந்தலையில கட்டாத. உங்க ஆண்டவரு எம்மேல கோவிச்சுக்குவாரு."

"நாந்தாண்ணே இன்னைக்கு ஆண்டவரு. சொறியுங்க."

இதற்கு மேல் ஒரு சிப்பாய் என்ன செய்வான்? செங்கோடன் ஈட்டியைத் திருப்பி, மொட்டைப் பக்கத்தால், மெதுவாக இடது நெஞ்சில் தேய்த்தார்.

"இன்னும் மேலண்ணே. அங்கதான். அழுத்துங்க."

அழுத்தியதில் கோல் வழுக்கி வலது விலாவுக்குப் போனது. அங்கே ஈட்டிக் காயத்துக்காக ஒட்டி வைத்திருந்த சாயப் பை வெடித்தது. சாவதற்கு முன்னாலேயே ஆண்டவருக்கு ரத்தம் பெருகியது. கூட்டம் எழுந்துவிட்டது. "பாவி, சாகற வரைக்குங் கூடப் பொறுக்க மாட்டானா!" என்று ஒரு செருப்பு பறந்து வந்து செங்கோடன் தலைக்கவசத்தில் 'டங்' என்று விழுந்தது. இரண்டு பெண்கள் மயங்கிச் சரிந்தார்கள். தெரசம்மாள் முழங்கால் போட்டு, நேர்த்திக்கடன் தீர்ந்தது, பிள்ளையை இறக்குங்கள் என்று கதறினாள். மரியன்னை சமயோசிதமாக ஓர் ஒப்பாரியை எடுத்துவிட்டதால் நாடகம் தப்பித்தது. ஞானதாஸ் ஆறாம் வார்த்தையை விட்டுவிட்டு ஏழாவதைச் சொல்லித் தலையைத் தொங்கப் போட்டான். செத்த பிறகும் வயிறு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கூச்சலில் ஒரே ஒருத்தி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பெண்கள் அவள் அழுகிறாள் என்று முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

பள்ளிக்கூடத்து மூன்றாம் வகுப்பறைதான் ஒப்பனை அறை. ஞானதாஸ் பெஞ்சில் கிடந்தான். கிறிஸ்துராஜ் நீல முக்காட்டைத் தோளில் தள்ளிவிட்டுப் பீடியோடு விசிறிக்கொண்டிருந்தான். சீடர் இராயப்பர் ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலிக்கும்போது கூவுவதற்காகக் கொண்டுவந்திருந்த சேவல் மேஜைக் காலில் கட்டியபடி இவர்களை வெறுப்போடு பார்த்தது. வாசலில் நிழல் தட்டியது.

"ஒபதேசியாரு," என்று கிறிஸ்துராஜ் பீடியை மிதித்து அணைத்தான். "சட்டையப் போடுடா, வெரசா போடு."

ஞானதாஸ் சட்டையைக் கையில் எடுத்தான். போடவில்லை. கதைகளில் இந்த இடத்தில் என்ன செய்வார்கள் என்று யோசிக்க அவனுக்குத் தெம்பில்லை. நெஞ்சு அப்படி எரிந்தது.

யாகப்பன் உள்ளே வந்தார். பின்னால் ஜெபமலர், கதவு நிலையோடு நின்றுகொண்டாள்.

"நீங்க எதப் பாக்க வந்தீங்கன்னு தெரியுமுங்க," என்றான் ஞானதாஸ். எழுந்து நின்று சட்டையை ஓரமாக வைத்தான். "குஷ்டமில்லீங்க. படைங்க. எண்ணெய் தொடக் கூடாதுன்னு வெறுந் தைலத்த வெச்சுத் தோலையே உரிச்சுக்கிட்டேனுங்க. பாத்துக்குங்க."

யாகப்பன் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். மூக்கைச் சுளித்தார்.

"தம்பி, பாக்கறதுக்கு இதுல என்ன மிச்சம் இருக்குது? சாயமா, காடியா, ரணமான்னு ஒண்ணுந் தெரியல." நிமிர்ந்தார். "புதன்கிழமைக்குப் புதன்கிழமை நான் மதர்மாரோட குஷ்டரோக வண்டியில ஊர் ஊராப் போறவன். பேரு எழுதறது என் வேலை. நெறையப் பாத்துட்டேன். அந்தத் தேமல்ல அரிக்காது. ஊசியில குத்துனாலுந் தெரியாது. நீங்க அங்க மேல நெளிஞ்ச நெளிவப் பாத்தப்பவே எனக்குப் பாதி நிம்மதி. ஆனாலும் பொண்ணப் பெத்தவன். மீதிப் பாதியையும் பாத்துடறேன். அம்மணி, பஞ்சு ஏதாச்சும் இருக்குதா பாரு."

ஜெபமலர் சுற்றிப் பார்த்தாள். நேராகப் போய்ச் சேவலின் வாலிலிருந்து ஒரு சிறகைப் பிடுங்கி அப்பாவிடம் நீட்டினாள். இராயப்பருக்குக் கூவாத சேவல் அப்போது கூவியது.

"கண்ண மூடிக்குங்க தம்பி. எங்க தொடறேன்னு வெரலால காட்டோணும்."

சிறகு தொட்டது. ஞானதாஸ் துள்ளினான். "இங்கீங்க!" மறுபடி தொட்டது. "அங்கீங்க! அய்யோ!" ஓரத்தில், நடுவில், கீழே, பழைய வட்டம் இருந்த இடத்தில் மிக மெதுவாக. ஓர் இடம் தப்பவில்லை. கடைசியில் தொடுவதற்கு முன்பே கத்த ஆரம்பித்துவிட்டான். வாசல் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்தது. பெரிய வெள்ளிக்கிழமை, துக்க நாள், கோயில் வளாகம். யாகப்பன் திரும்பி மகளை முறைத்தார். அவள் குடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குஷ்டமில்ல," என்றார் யாகப்பன், சிறகைப் பெஞ்சில் வைத்துவிட்டு. "புத்திதான் கொஞ்சம் மட்டு. அந்த மதர் எதுல கலக்கச் சொன்னாங்க?"

"தேங்காயெண்ணெயிலீங்க. ஒண்ணுக்கு இருபது."

"மருந்துக்கு வெரதமில்லைன்னு உங்க பங்குச்சாமியக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாரே."

ஞானதாஸ் தலையைக் குனிந்துகொண்டான். கிறிஸ்துராஜ் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

"மொதல்ல ரணம் ஆறட்டும், அது வரைக்கும் எந்தத் தைலமும் வேண்டாம். அப்பறம் அந்த மதர்கிட்டயே போய்த் திட்டு வாங்கிட்டுக் களிம்பு போடுங்க. இது தொத்து வியாதி. சுத்தமாப் போகாம எம் பொண்ணக் குடுக்க முடியாது. மத்தபடி..." அவர் மகள் பக்கம் திரும்பினார். "உனக்கு எப்படிம்மா? பாத்துட்டியல்ல?"

"பாத்துட்டேனுங்கப்பா."

"என்ன சொல்ற?"

ஜெபமலர் ஞானதாசைத் தலையிலிருந்து கால் வரை ஒரு தரம் பார்த்தாள். தாடி, ஒழுகிய சாயம், கூசிச் சுருங்கிய வயிறு, மலையில் அடிபட்ட கட்டைவிரல்.

"கழுத்துக்கு மேல எனக்குச் சம்மதமுங்கப்பா," என்றாள். "கீழ மூணு மாசங் கழிச்சு வந்து பாத்துட்டுச் சொல்றேன்."

யாகப்பன் அதைக் காதில் வாங்காதவர் போல, தாரமங்கலம் பஸ் எத்தனை மணிக்கு என்று மரியன்னையிடம் கேட்டார்.